சாரம்மாள் சொல்லாத சத்தியம்

தச்சநல்லூரில் அந்த வீட்டு வாசலுக்குப் போலீஸ்காரர் வந்தது 1909-ஆம் வருஷம் ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில். சாரம்மாள் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். ஆற்றுப் பாலத்தைக் கடந்து பாளையங்கோட்டை வரை நடக்கவேண்டும். அங்கே மிஷன் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் பத்தொன்பது வருஷமாக அவள் ஆசிரியை. ஒரு நாளும் மணி அடித்த பிறகு போனதில்லை.

“டீச்சரம்மா, கோவிச்சுக்கிடாதிய. கோர்ட்டு சம்மன். நீங்க ஒரு பத்திரத்தத் திருடிட்டியன்னு பிராது.”

“யாரு குடுத்தது?”

போலீஸ்காரர் காகிதத்தைப் படிப்பதுபோல வைத்துக்கொண்டார். அவருடைய மகள் சாரம்மாளிடம் மூன்றாம் வகுப்புப் படித்தவள். “உங்க வீட்டுக்காரர்தான்” என்றார்.

உள்ளேயிருந்து மகள் ஜெபராணியின் குரல் கேட்டது. “எம்மா, செருப்புச் சத்தம் கேக்கு. அப்பாவா வந்திருக்காவ?”

ஜெபராணிக்கு அப்போது வயது பதிமூன்று. மூன்று வயதில் வைசூரி போட்டு இரண்டு கண்ணும் போய்விட்டன. ஆனால் அந்த வீட்டுக்குள் அவளைப் பார்க்கிறவர்கள் கண் தெரியாதவள் என்று சொல்லமாட்டார்கள். அடுப்பிலிருந்து சோற்றுப் பானையை இறக்குவாள். கிணற்றில் தண்ணீர் இறைப்பாள். தாயார் பள்ளிக்கூடத்தில் இருக்கும் பகல் முழுவதும் தனியாகவே இருந்து, வீட்டைப் பெருக்கி, விளக்குத் துடைத்து வைப்பாள். வாசலைத் தாண்டித் தெருவில் கால் வைத்துவிட்டால்தான் கைகள் இரண்டும் முன்னால் நீண்டு, முகம் மாறி, சின்னப் பிள்ளை ஆகிவிடுவாள்.

அவளுடைய தகப்பன் வேதமுத்து மரக்கடை ஒன்றில் கணக்கு எழுதியவன். கல்யாணமான புதிதில் அவனும் சாரம்மாளும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். அவன் சம்பளத்தில் சாப்பாடும் துணிமணியும். அவள் சம்பளத்தைத் தொடுவதில்லை, அது வீடு வாங்க. மாதம் ஒன்பது ரூபாய் வாங்கினால் ஒன்பது ரூபாயையும் அவள் அவன் கையில் கொடுப்பாள். அவன் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டுவான். யாரிடமும் இதைச் சொன்னதில்லை. சொல்லிக்கொள்வதற்கு அதில் என்ன இருக்கிறது? 1899-இல் வீடு வந்தது. பத்திரம் எழுதும்போது வேதமுத்து பெயரில் எழுதினார்கள். பெண்ணின் பெயரில் எழுதலாம் என்று அவளுக்கும் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை.

1903-இல் அவன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கணக்கப்பிள்ளையாகப் போனான். முதல் வருஷம் காகிதம் வந்தது. இரண்டாம் வருஷம் நின்றுபோயிற்று. ஆறாம் வருஷம் அவனே வந்தான், தோட்டத்தில் சேர்த்துக்கொண்ட ஒரு பெண்ணோடும் இரண்டு வயது ஆண் குழந்தையோடும். திருநெல்வேலி டவுனில் வாடகைக்கு இருந்துகொண்டு, கடை வைக்க வேண்டும், வீட்டை அடமானம் வைக்கப் பத்திரத்தைக் கொடு என்று இரண்டு தடவை தச்சநல்லூருக்கு வந்து கேட்டான். இரண்டாம் தடவை அவன் போன பிறகு சாரம்மாள் தகரப் பெட்டியைத் திறந்து பத்திரத்தை எடுத்துக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்து இரும்புப் பெட்டியில் வைத்துவிட்டாள். அதற்குத்தான் சம்மன்.

வக்கீல் சிவசைலம் பிள்ளையின் வீடு வண்ணாரப்பேட்டையில் இருந்தது. பெரிய உடம்பு, நெற்றி நிறைய விபூதி. சாரம்மாள் தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள்.

“பத்திரத்த எடுத்தியளா இல்லியா?”

“எடுத்தேன், ஐயா.”

“கோர்ட்டுலயும் இப்பிடித்தான் சொல்லப்போறியளா?”

“எடுத்தத எடுக்கலன்னு எப்பிடிச் சொல்ல?”

பிள்ளைவாள் சிரித்துவிட்டார். “உங்கள மாதிரி நாலு கட்சிக்காரங்க வந்தா நான் இந்தச் சட்டையக் கழத்தி வச்சுட்டுக் கல்லிடைக்குறிச்சியில போய் அப்பளம் இடவேண்டியதுதான். எடுத்தேன்னே சொல்லுங்க. ஆனா அதோட வாய மூடிராதிய. ஏன் எடுத்தேன்னும் சொல்லணும். பெட்டிச் சாவி யாருகிட்ட இருந்துச்சு?”

“அவிய கப்பலேறுன நாள்லேருந்து என்கிட்டதான்.”

“அப்ப அது உங்க வசத்துல இருந்த பொருள். அடுத்தவன் வசத்துல இருக்கதை, அவனுக்குச் சம்மதமில்லாம, நேர்மையில்லாத எண்ணத்தோட எடுத்தாத்தான் திருட்டு. மூணும் இருக்கணும். உங்ககிட்ட ஒண்ணுமே இல்ல. பயப்படாம போங்க.”

திருட்டு என்ற வார்த்தைக்குள் மூன்று வார்த்தைகள் இருக்கின்றன என்பதை அவள் அன்றுதான் தெரிந்துகொண்டாள். அப்படியும் கூண்டில் ஏறி நின்றபோது, வகுப்பில் பென்சில் திருடிய பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் நிறுத்தி வைத்ததெல்லாம் ஞாபகம் வந்தது என்று பிற்பாடு சொன்னாள். அதற்குப் பிறகு அவள் யாரையும் அப்படி நிறுத்தியதில்லை.

சப்-மாஜிஸ்திரேட் அரை மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. குற்றம் சாட்டுவதற்கே இடமில்லை என்று விட்டுவிட்டார். பத்திரத்தை மாத்திரம், அது யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம் கொடுக்கும்படி உத்தரவு போட்டார். வேதமுத்து அதை வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு அவளைப் பார்க்காமல் வெளியே போனான்.

“ஜெயிச்சிட்டம்லா, ஐயா? பின்ன ஏன் அதை அவியளுக்குக் குடுக்காவ?”

“நீங்க திருடி இல்லன்னுதான் இந்தக் கோர்ட்டு சொல்லும். வீடு யாருதுன்னு சொல்லாது. அதுக்கு வேற கோர்ட்டு.”

அந்த வேறு கோர்ட்டுக்குப் போகும் முன் இன்னொன்று முடியவேண்டியிருந்தது. கல்யாணத்தை ரத்து செய்ய வேண்டும் என்று அவள் கேட்பாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. சபையில் அதுவரை ஒரு பெண்ணும் அப்படிக் கேட்டதில்லை. அவள் சொன்ன காரணம் சின்னது. டவுனில் இருக்கிற அந்தப் பெண்ணை ஒரு நாள் பாலத்தின்மேல் கண்டாள். இடுப்பில் குழந்தை. அந்தப் பெண் சட்டென்று முக்காட்டை இழுத்துவிட்டு, ஓரமாக ஒதுங்கி வழிவிட்டாள். “அவ எனக்குப் பயந்து வாழுதா. எதுக்கு? ரெண்டு பேரும் ஒரே ஆளுக்குப் பொஞ்சாதின்னு எத்தன நாளைக்கு?”

கிறிஸ்தவர்களுக்கான சட்டத்தில், புருஷன் கேட்டால் பெண்டாட்டி நெறி தவறினாள் என்று ரூபித்தாலே போதும். பெண்டாட்டி கேட்டால் அது போதாது. அதோடு இரண்டு வருஷம் கைவிட்டுப் போயிருக்கவேண்டும், அல்லது கொடுமை செய்திருக்கவேண்டும். சிவசைலம் பிள்ளை இதைச் சொல்லிவிட்டுத் தாமே வெட்கப்பட்டவர்போல மூக்குப்பொடி டப்பியைத் திறந்தார். வேதமுத்து எதிர்வாதம் செய்யவில்லை. ஜில்லா ஜட்ஜின் தீர்ப்பு சென்னை ஹைகோர்ட்டுக்குப் போய், உறுதியாகித் திரும்பி வர ஒரு வருஷம் ஆயிற்று. ஜீவனாம்சம் கேட்கலாம் என்று வக்கீல் சொன்னபோது சாரம்மாள் வேண்டாம் என்றுவிட்டாள். “வீடு நின்னா போதும், ஐயா. அந்தப் பிள்ளைக்கு அந்த வீடுதான் கண்ணு.”

பள்ளிக்கூடத்தில் அவளை வேலையிலிருந்து எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதை மாத்திரம் வேறொருத்தியிடம் கொடுத்தார்கள். ஆராதனையின்போது கோயிலில் அவள் உட்காரும் பாயில் மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். அவள் அதைப் பார்த்தும் பாராதவள்போல இருந்தாள்.

வீட்டு வழக்கு 1911-இல் முன்சீப் கோர்ட்டில் நடந்தது. வீடு தன் சம்பாத்தியம் என்று அவள் கேட்டாள். காலி செய்து கொடுக்கவேண்டும் என்று அவன் கேட்டான். வீட்டை விற்ற காஜா முகைதீன் சாட்சி சொல்ல வந்தார். மேலப்பாளையத்தில் பாய் வியாபாரம் செய்பவர், மனதில் பட்டதை மறைக்காதவர்.

“நானூத்தி இருவது ரூவா. இவுக கையாலதான் வாங்குனேன்” என்று வேதமுத்துவைக் காட்டினார்.

“அது யாருடைய சம்பாத்தியம் என்று கேட்டீரா?” என்றார் சிவசைலம் பிள்ளை.

“ரூவா குடுக்கவன்கிட்ட, இது உம்ம பொண்டாட்டி காசான்னு கேட்டா அவன் என்ன செருப்பால அடிக்கமாட்டானா, வே?”

கோர்ட்டே சிரித்தது. முன்சீப்பும் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். ஆனால் வழக்கு அந்த இடத்தில் மாட்டிக்கொண்டது. அவள் பணம் கொடுத்ததைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். அவன் வாங்கியதைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

அடுத்த வாய்தாவில் எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து, யாரும் நினையாத ஒன்றைச் சொன்னார். வாதி தங்கள் கோயிலில், பீடத்துக்கு முன்னால் நின்று, வீடு தன்னுடையது என்று சத்தியம் செய்தால் தம் கட்சிக்காரர் அதற்குக் கட்டுப்படுவார், வீட்டை விட்டுக்கொடுப்பார். கோர்ட்டில் இது புதிதல்ல. சைவர்களும் நாடார்களும் கோயில் வாசலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்து எத்தனையோ வழக்குகளை முடித்திருக்கிறார்கள். சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது. சத்தியம் செய்துவிட்டால் அதற்குமேல் அப்பீல் இல்லை. செய்ய மறுத்தால் மறுத்ததாக எழுதிக்கொள்வார்கள்.

சிவசைலம் பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. “அவன் தலையில அவனே மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டான், அம்மா! நீங்க பொய் சொல்லமாட்டியன்னு ஊருக்கே தெரியும். நீங்க நெசத்தச் சொன்னா வீடு உங்களுக்கு. இதைவிட என்ன வேணும்?”

சாரம்மாளுக்கு மனம் ஒப்பவில்லை. அவள் தகப்பன் உபதேசியார். ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை, அதற்குமேல் ஆணையிடுவது தப்பு என்று வளர்த்தவர். நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் குருவானவரிடம் போய்க் கேட்டாள். அதிகாரிகள் கேட்டால் சொல்லலாம், அதில் பாவமில்லை என்றார் அவர். வீட்டுக்கு வந்து ஜெபராணியிடம் சொன்னபோது அந்தப் பெண் அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. சாரம்மாளும் அன்றைக்குத் திருப்தியாகச் சாப்பிட்டாள்.

கோர்ட்டார் நியமித்த கமிஷனர் தை மாதம் ஒரு புதன்கிழமை பத்து மணிக்குக் கோயிலுக்கு வந்தார். வேதமுத்து தன் வக்கீலோடு ஒரு பக்கம் நின்றான். காதோரம் நரைத்திருந்தது. சாரம்மாள் வெள்ளைப் புடவை கட்டி, ஜெபராணியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, அவளை முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டுப் பீடத்தண்டை போய் நின்றாள். சத்தியத்தின் வாசகம் அதுவரை இங்கிலீஷில் மட்டும் இருந்தது. வீடு உங்களுதுன்னு சொல்லவேண்டியதுதான் என்று வக்கீல் அதன் சாரத்தைச் சொல்லியிருந்தார். முழு வாசகத்தையும் அன்றைக்குத்தான் கமிஷனர் தமிழில் வாசித்தார். அவர் வாசிக்க வாசிக்க அவள் திருப்பிச் சொல்லவேண்டும்.

“தாவாவிலுள்ள வீடும் மனையும்…”

“தாவாவிலுள்ள வீடும் மனையும்…”

“கிணறு உள்பட யாவும் என் சொந்தச் சம்பாத்தியத்தில் உண்டானவை என்றும், அவற்றில் பிரதிவாதி வேதமுத்துவின் பணம் ஒரு காசும் சேரவில்லை என்றும்…”

சாரம்மாள் வாய் திறந்தாள். உடனே மூடி, முன்வரிசையில் இருந்த மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

“சொல்லுங்கம்மா” என்றார் கமிஷனர்.

“கிணத்துச் சுவரு அவிய கட்டுனது” என்றாள் அவள்.

கமிஷனருக்குப் புரியவில்லை. சிவசைலம் பிள்ளைக்கும் புரியவில்லை. புரிந்தவர்கள் அங்கே மூன்று பேர்தான்.

வீட்டை வாங்கும்போது கிணறு தரைமட்டமாகக் கிடந்தது, சுற்றுச்சுவர் கிடையாது. ஜெபராணிக்கு ஐந்து வயதிருக்கும்போது ஒரு நாள் மதியம் அவள் கிணற்று விளிம்பில் குந்தி, ஒரு கையை உள்ளே தொங்கவிட்டுக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டிருந்ததை வேதமுத்து பார்த்தான். பைய நடந்துபோய்த் தூக்கிவிட்டான். மறுநாளே, கிறிஸ்மஸுக்குத் துணி எடுக்க ஒதுக்கியிருந்த பதினான்கு ரூபாயை எடுத்துச் செங்கலும் சுண்ணாம்பும் வாங்கினான். கொத்தனுக்குக் கூடமாட நின்று சாந்து சுமந்தான். சுவர் இடுப்பளவு எழும்பியதும், காயாத சாந்தின்மேல் பிள்ளையின் இரண்டு உள்ளங்கையையும் பதித்து, “இதான்டி எல்லை. இதுக்கு அங்கிட்டு நீ போவக்கூடாது” என்றான். அந்த வருஷம் பண்டிகைக்கு மூன்று பேரும் பழைய துணிதான் உடுத்தினார்கள்.

சிவசைலம் பிள்ளை அவளைத் தூண் ஓரமாக அழைத்துக்கொண்டு போனார். “பதினாலு ரூவா, அம்மா. நானூத்தி இருவதுக்கு முன்னால அது என்ன? சுவரு வேற, வீடு வேற. சொல்லிட்டு வந்துருங்க.”

“கிணறு உள்படன்னு இருக்கே, ஐயா. ஒரு காசும்னு இருக்கே. அந்தச் சுவர விட்டுட்டு மிச்சத்துக்கெல்லாம் சொல்லுதேன்னு கேளுங்க.”

கேட்டார். எதிர்க்கட்சி வக்கீல் தலையை ஆட்டினார். எழுதியபடி சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மறுத்ததாக எழுதிக்கொள்ளவேண்டும், மாற்றுவதற்கு இடமில்லை. சாரம்மாள் அவரைப் பார்க்கவில்லை. வேதமுத்துவைப் பார்த்தாள். ஒரு வார்த்தை அவன் சொன்னால் போதும். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, யாரும் கேளாமலே, “அவ சொல்லுதது நெசந்தான். சுவரு நான் கட்டுனது” என்றான். வாசகத்தை மாற்ற மட்டும் சொல்லவில்லை. அந்த ஒரு காசு என்கிற வார்த்தையை எழுதச் சொன்னவன் அவனா, அவன் வக்கீலா, யாருக்கும் தெரியாது. ஆனால் பீடத்துக்கு முன்னால் அவள் என்ன பேசுவாள், எதைப் பேசமாட்டாள் என்று தெரிந்தவன் உலகத்திலேயே அவன் ஒருவன்தான்.

வாதி சத்தியம் செய்ய மறுத்துவிட்டாள் என்று கமிஷனர் எழுதினார்.

பத்திரம் அவன் பெயரில், பணம் கைமாறியது அவன் கையால், சத்தியமும் நின்றுபோயிற்று. தீர்ப்பு அவன் பக்கம் ஆயிற்று. வீட்டைக் காலி செய்ய மூன்று மாதத் தவணை கொடுத்தார்கள். சிவசைலம் பிள்ளை ஃபீஸ் வாங்கவில்லை. அப்பீல் போகலாம் என்று சொல்லிப் பார்த்தார். “அங்கயும் அந்தச் சுவரு இருக்கும்லா, ஐயா” என்றாள் அவள்.

பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறையும் சமையலுக்கு ஒரு சாய்ப்பும் வாடகைக்குக் கிடைத்தன. தண்ணீருக்குத் தெருக் கிணறு. முதல் வாரம் ஜெபராணி கதவிலும் அம்மியிலும் இடித்துக்கொண்டு நெற்றியெல்லாம் வீங்கிப்போனாள். சாரம்மாள் இடுப்பளவில் சுவரோரமாகக் கயிறு கட்டினாள், கட்டிலிலிருந்து அடுப்பு வரைக்கும். வீட்டுக்காரியான சொர்ணாம்பாள் வந்து பார்த்து, “ஆணி அடிச்சுச் சுவத்தையெல்லாம் பேத்துப்போட்டியளே, டீச்சரம்மா” என்று சத்தம் போட்டாள். பிறகு அந்தப் பிள்ளை கயிற்றைப் பிடித்து நடப்பதைக் கண்டாள். மறுநாள் அவளே இன்னொரு முழம் கயிறு கொண்டுவந்து கொடுத்தாள்.

ஜெபராணி ஒரு மாதம் அம்மாவோடு பேசவில்லை. கேட்டதற்கு உம் என்பாள், அவ்வளவுதான். ஒரு நாள் சாயந்திரம் அவளாகவே ஆரம்பித்தாள்.

“நீ சொல்லியிருக்கலாம்லா, எம்மா. ஒரே ஒரு வார்த்த.”

“ஏட்டி, நீயும் அங்கனதான இருந்த. அந்தச் சுவத்துல உன் கைதான பதிஞ்சிருக்கு?”

“இருந்தேன். எனக்கும் ஞாபகம் வந்துச்சு. நான்னா அந்தச் சுவரப் பத்தி வாயத் தொறந்திருக்க மாட்டேன்.”

மகள் சொன்னது தப்பு என்று சாரம்மாளுக்குத் தோன்றவில்லை. தான் செய்தது தப்பு என்றும் தோன்றவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் மிச்சமிருந்த ஆறு வருஷத்தை அவள் கழித்தாள். வேதமுத்து அந்த வீட்டை அடமானம் வைத்து, கடை வைத்து, கடை முழுகி, கடைசியில் வீட்டை விற்றுவிட்டு மறுபடியும் கப்பலேறினான் என்று கேள்விப்பட்டபோது, “அந்தப் பொம்பளையும் பிள்ளையும் என்ன ஆனாவ?” என்று மட்டும் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை.

1918-ஆம் வருஷம் ஐப்பசியில் ஊரெங்கும் பரவிய விஷக் காய்ச்சல் பள்ளிக்கூடத்துக்கும் வந்தது. பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த சாரம்மாள் ஒரு திங்கட்கிழமை படுத்தாள். புதன்கிழமை நினைவு தடுமாறத் தொடங்கியது. ஜெபராணிக்கு அதற்குள் கயிறு தேவைப்படவில்லை. அடுப்பிலிருந்து கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, ஒரு சொட்டும் சிந்தாமல் கட்டிலை நோக்கி நேராக நடந்து வந்தாள்.

“பைய, மக்கா” என்றாள் சாரம்மாள், கண்ணை மூடியபடியே. “அங்கன படி இருக்கு. பாத்து வா.”

அந்த அறையில் படி கிடையாது. தச்சநல்லூர் வீட்டில்தான் அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு படி இருந்தது.

“சரிம்மா” என்றாள் ஜெபராணி. நின்று, வலது காலைத் தூக்கி, வெறும் தரையில் பார்த்து வைத்து இறங்கிவிட்டு, அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.